வயதானவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஆள் வைப்பது: தேடுவது முதல் கணக்கு முடிப்பது வரை

பல வீடுகளில் இந்த வேலை தலைகீழாகத்தான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் தேதி சொன்னதும் ஏஜென்சிக்கு போன் போகிறது. மறுநாள் ஒருவர் பையோடு வாசலில் வந்து நிற்கிறார். என்ன வேலை, எங்கே படுப்பது, எந்த நாள் லீவு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழுகிறது. மூன்றாவது வாரம் "ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவர் திரும்பி வருவதில்லை.

ஆள் நிற்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: இரவில் தூக்கம் இல்லை, பணத்தைப் பற்றி எதுவும் எழுத்தில் இல்லை. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் ஆள் வருவதற்கு முன்பே தீர்ப்பதற்காகப் போடப்பட்டது. சட்டம், அலுவலகம் பற்றிச் சொல்லியிருப்பவை தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

1. முதலில் மூன்று நாள் எழுதி வையுங்கள், இரவு உட்பட

ஒரு நோட்டை எடுத்து மூன்று முழு நாட்களுக்கு, வயதானவருக்கு யாருடைய கை தேவைப்பட்டது என்பதை நேரத்தோடு எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

இரவு 10.40 – பாத்ரூம், பிடித்துக் கூட்டிப் போனது
12.50 – தண்ணீர் கேட்டார்
2.15 – பாத்ரூம், வேட்டி நனைந்துவிட்டது, மாற்றியது
4.30 – எழுந்து உட்கார்ந்து "மணி என்ன" என்றார், தூங்கவில்லை

இந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனே ஒன்று தெரிந்துவிடும்: பகல் முழுக்க வேலை செய்த ஒருவரால் இந்த இரவையும் தொடர்ந்து தாங்க முடியாது. "24 மணி நேர ஆள்" என்றால் 24 மணி நேரமும் வீட்டில் இருப்பவர் என்றுதான் பொருள், 24 மணி நேரமும் விழித்திருப்பவர் அல்ல. இரவில் இரண்டு முறை எழுவதை ஒருவர் சமாளிப்பார். மூன்று, நான்கு முறை என்றால் இரவுக்குத் தனி ஆள் வேண்டும், அல்லது வாரத்தில் சில இரவுகளை வீட்டார் ஏற்க வேண்டும். இரண்டு பேருக்குச் செலவாகுமே என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நான்கு மாதத்தில் ஐந்து ஆட்களை மாற்றி, ஒவ்வொரு முறையும் கமிஷன் கட்டுகிறார்கள்.

இரவு அடிக்கடி எழுவதற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். சிறுநீரை அதிகம் போகவைக்கும் தண்ணீர் மாத்திரையை மாலையில் கொடுப்பது, சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை வழக்கமானவை. ஆள் தேடும் முன் இந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை அவர் மாற்றிக் கொடுத்தாலே சில வீடுகளில் இரவில் எழுவது பாதியாகக் குறைந்துவிடும்.

2. தேவை ஆயாவா, உதவியாளரா, செவிலியரா

மூன்றுக்கும் ஊரில் "ஹோம் நர்ஸ்" என்றே சொல்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயபர் மாற்றுவது, கூட நடப்பது, எடுத்து வைத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது: இவற்றுக்கு அனுபவமுள்ள ஆயா அல்லது கேர் டேக்கர் போதும். படுக்கையோடு இருப்பவர், பக்கவாதம் வந்தவர், மூக்குக் குழாயில் உணவு எடுப்பவர் என்றால் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி முடித்தவரோ ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவரோ வேண்டும்.

நரம்பில் ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் போடுவது, ஆழமான புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது எல்லாம் செவிலியர் வேலை. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவரே செவிலியர். வெள்ளைக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் பதிவு எண்ணைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கட்டுப் போட வேண்டியிருந்தால் அதற்கென்று செவிலியரை வரவழைத்துக்கொண்டு, வீட்டோடு இருக்க உதவியாளரை வைப்பது செலவுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

ஆணா பெண்ணா என்பதை வயதானவரிடமே கேளுங்கள். 75 கிலோ எடையுள்ள அப்பாவை ஒரு பெண் தனியாகத் தூக்க நேர்ந்தால் இருவருக்கும் அடிபடும். கூச்சமும் உண்டு. குளிக்க மறுக்கும் பல பெரியவர்களுக்குக் குளியல் பிரச்சினை இல்லை, குளிப்பாட்டுபவர் யார் என்பதுதான் பிரச்சினை.

மொழியும் முக்கியம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் நன்றாகவே உழைக்கிறார்கள். ஆனால் மறதி நோய் உள்ளவருக்குத் தமிழ் பேசும் ஆள்தான் வேண்டும். அவர் உலகத்தோடு வைத்திருக்கும் கடைசிப் பிடியே பேச்சுதான்.

3. ஆள் வருவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

தங்குபவருக்குக் கட்டிலோ தடிமனான பாயோ, ஃபேன், பூட்டுச் சாவியோடு ஒரு அலமாரித் தட்டு, கதவைத் தாழிட்டு உடை மாற்ற ஓர் இடம். தனி அறை இல்லாவிட்டாலும் இந்த நான்கும் கட்டாயம் வேண்டும். ஹாலில் எல்லோரும் டிவி பார்த்து முடிக்கும் வரை படுக்க முடியாத ஆள் நிற்க மாட்டார்.

நோயாளிக்கு: கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிற உயரம், கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க இடம், பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, தேவையானால் கம்மோட் சேர். நாள் முழுக்கப் படுத்திருப்பவர் என்றால் ஏர் பெட். மெடிக்கல் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். முதல் மாதத்துக்கு வாடகை போதும்.

நகை, பணம், சொத்துப் பத்திரம் எல்லாவற்றையும் லாக்கருக்கு அனுப்பிவிடுங்கள். வயதானவரின் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் ஓ.டி.பி. வரும் போனும் பார்த்துக்கொள்பவர் கையில் இருக்கக் கூடாது. வருபவரை நம்பாததால் இதைச் சொல்லவில்லை. மறதியுள்ள பாட்டி வளையலை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்போது பழி ஒரு ஏழைப் பெண்மேல் விழாமல் இருக்க இதுதான் ஒரே வழி.

4. ஏஜென்சி வழியா, நேரடியாகவா

ஏஜென்சி என்றால் ஆள் சீக்கிரம் கிடைக்கும், அவர் லீவு போட்டால் மாற்று ஆளும் வருவார். நேரடியாக வைத்தால் செலவு குறையும், ஆள் நீண்ட நாள் நிற்பார். ஆனால் லீவு நாட்களை நீங்களே சமாளிக்க வேண்டும். அவசரத்துக்கு ஏஜென்சி, நிதானமாகத் தேட நேரம் இருந்தால் தெரிந்தவர் மூலம் என்பதே சரியாக வருகிறது. நேரடியாகத் தேடச் சிறந்த இடம், அண்மையில் பெரியவர் ஒருவர் காலமான வீடு. அங்கே இரண்டு மூன்று ஆண்டு நின்றவர் அடுத்த வேலை தேடிக்கொண்டிருப்பார்.

ஏஜென்சிகள் பணம் வாங்குவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, ஒருமுறை கமிஷன் வாங்கிக்கொண்டு சம்பளத்தை ஆளிடமே கொடுக்கச் சொல்வது. மற்றொன்று, மாதத் தொகை முழுவதையும் தாங்கள் வாங்கி, ஆளுக்கு ஒரு பங்கு கொடுப்பது. கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

– நான் கொடுப்பதில் ஆளின் கைக்குப் போவது எவ்வளவு, எந்தத் தேதியில்?
– மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், எத்தனை முறை வரை இலவசம்?
– ஆள் பாதியில் போனால் முன்கூட்டிக் கட்டிய மாதத் தொகையும் டெபாசிட்டும் எப்போது திரும்பும்?
– இதே ஆளைப் பின்னால் நேரடியாக வைத்துக்கொண்டால் என்ன தொகை கேட்பீர்கள்?

முதல் கேள்விக்கு நேரடிப் பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் கொடுப்பதற்கும் அவர் பெறுவதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், இரண்டாம் மாதத்திலேயே அவருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வரும், காரணம் வெளியே தெரியாது.

5. நேரில் பேசும்போது சான்றிதழைவிடக் கையைப் பாருங்கள்

"அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொன்னால் போதும். முதல் முறை நோயாளிக்குப் பதில் வீட்டில் ஒருவர் உட்காருங்கள்.

வேலை தெரிந்தவர் முதலில் நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டி வைப்பார். பக்கவாதம் என்றால் பலமுள்ள பக்கத்தில் வைப்பார். பிரேக் போடுவார், கால் தாங்கியை மடக்குவார். நோயாளியை ஓரத்துக்கு நகர்த்தி, பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இடுப்பில் பிடித்து, "பாட்டி, ஒன்னு ரெண்டு மூணு" என்று சொல்லித் தன் முழங்காலை மடக்கி எழுப்பித் திருப்புவார். தெரியாதவர் நேராக அக்குளில் கைவிட்டோ கையைப் பிடித்தோ இழுப்பார். பக்கவாதக் கையில் தோள்மூட்டு நழுவுவது அப்படித்தான்.

மூக்குக் குழாய் உள்ள வீடு என்றால் "கஞ்சி குடுத்து முடிச்சதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். குழாயைத் தண்ணீர் விட்டு அலசுவேன், அரை மணி நேரமாவது தலையை உயர்த்தியே வைத்திருப்பேன், உடனே படுக்க வைக்க மாட்டேன் என்ற பதில் வர வேண்டும். படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

அவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கும் நேரம் கொடுங்கள். எத்தனை பேர் வீட்டில், இரவில் எத்தனை முறை எழுகிறார், பெரியவர் கோபப்படுவாரா, கைநீட்டுவாரா? உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறதி நோயில் அடிக்கிற பழக்கம் இருப்பதை மறைத்து ஆள் சேர்த்தால் முதல் அடியோடு போய்விடுவார். சைவ வீடு என்றால் அதையும் அன்றே சொல்லி, வெளியே சாப்பிட வாரத்தில் ஒரு வேளை தர முடியுமா என்று பேசிக்கொள்ளுங்கள். தனி டம்ளர், தனித் தட்டு வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் ஆள் வரும் முன் அதை ஒழித்துவிடுங்கள். அம்மாவின் உடம்பைத் தொட்டுக் கழுவுகிற கைக்குத் தனி டம்ளர் வைப்பது பெரிய அவமரியாதை.

6. அடையாளமும் சரிபார்ப்பும்

ஆதார் நகலை வாங்கி, அதிலுள்ள கியூ.ஆர். குறியை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து பெயரும் படமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலே உங்கள் கோப்புக்குப் போதும். அசல் ஆவணம் எதையும் வாங்கி வைக்காதீர்கள். 18 வயது முடியாதவரை வைக்காதீர்கள்.

சொந்த ஊர் முகவரி, வீட்டில் ஒருவரின் போன் நம்பர், முன்பு நின்ற இரண்டு வீடுகளின் நம்பர் எல்லாவற்றையும் வாங்குங்கள். அந்த வீடுகளுக்குப் போன் செய்து "ஏன் போனாங்க? மறுபடி கூப்பிடுவீங்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டாவதற்கு வரும் தயக்கமே பதில். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

7. சம்பளத்தைப் பேசும் முறை

மாதத் தொகை, சாப்பாடு, லீவு, இரவு, தீபாவளி போனஸ் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது பிறகு சண்டையாக வரும். தொகை பகுதிக்குப் பகுதி மாறும். அதே ஏரியாவில் அதே அளவு நோயாளியைப் பார்க்கும் மூன்று வீடுகளில் விசாரித்து நடுத்தொகையைப் பிடியுங்கள். சாப்பாடும் தங்குமிடமும் வேலையின் பகுதி. அவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

கணக்குக்காக மாதம் 24,000 ரூபாய், மாதம் 2 நாள் சம்பளத்துடன் லீவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 28 நாளானாலும் 31 நாளானாலும் 30-ஆல் வகுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு நாள் கூலி 800.

ஜூன் 11-இல் சேர்ந்தவருக்கு அந்த மாதம் 20 நாள்: 16,000. ஜூலையில் லீவில் ஒரு நாள் எடுக்காமல் வேலை செய்தார், முன்பு வாங்கிய 10,000 ரூபாய் முன்பணத்துக்கு மாதம் 2,000 பிடித்தம்: 24,000 + 800 – 2,000 = 22,800. லீவுக்கு மேல் 3 நாள் ஊரில் தங்கிவிட்டால் 2,400 குறையும். இந்தக் கணக்கை அவர் கண்முன்னே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பிறகு மாதக் கடைசியில் பேச்சே இருக்காது.

8. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

முத்திரைத்தாள் தேவையில்லை. தமிழில் ஒரு பக்கம், இரண்டு நகல், இருவர் கையெழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் உரக்கப் படித்துக் காட்டி, சாட்சியாக அவர் பக்கத்து ஆள் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போகிற வரிகளை மட்டும் தருகிறோம்:

"அம்மாவுக்கும் தனக்கும் மட்டும் சமைத்தால் போதும். மற்றவர் துணி, வீடு பெருக்குவது, விருந்தாளி வேலை கிடையாது.
இரவு 9.30 முதல் காலை 5.30 வரை ஓய்வு. இரண்டு முறை எழுவது சம்பளத்தில் அடக்கம். அதற்கு மேல் எழுந்தால் மறுநாள் மதியம் 2 மணி நேரம் தூக்கம், அப்போது பெரியவரை வீட்டார் பார்ப்பார்கள்.
தினமும் மாலை 1 மணி நேரம் சொந்த நேரம்.
நிற்க விரும்பாவிட்டால் 15 நாள் முன்பு சொல்ல வேண்டும். நாங்கள் நிறுத்தினாலும் 15 நாள் முன்பு சொல்வோம், அல்லது 15 நாள் சம்பளம் தருவோம்."

முதல் வரிதான் உயிர். "சும்மாதானே இருக்காங்க, இதையும் கொஞ்சம்" என்று துணி துவைப்பதில் தொடங்கி, பேரன் டியூஷனுக்குக் கூட்டிப்போவது வரை நீளும். அந்த நேரத்தில் பெரியவர் தனியாக எழுந்து விழுவார்.

அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுச் சம்பளம் கொடுக்கிற குடும்பத்தில், உத்தரவு சொல்பவர் ஒருவர் என்று இந்தத் தாளிலேயே பெயர் எழுதுங்கள். பணத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரே இடத்திலிருந்து போகட்டும்.

9. முதல் ஏழு நாள்

வீட்டார் ஒருவர் லீவு போட்டாவது இரண்டு நாள் கூடவே இருக்க வேண்டும். முதல் நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்க, இரண்டாம் நாள் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். மாத்திரைகளை வாரம் ஒருமுறை வீட்டார்தான் டப்பாவில் பிரித்து வைக்க வேண்டும். அட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள். டாக்டர் மருந்தை மாற்றிய பிறகும் பழைய அட்டையிலிருந்து தவறுதலாகக் கொடுத்துவிடுவது அங்கேதான்.

தினசரி நோட்டு ஒன்று: சாப்பாடு, தண்ணீர், மலம், சிறுநீர், மாத்திரை, பி.பி., சர்க்கரை. எழுதத் தெரியாதவருக்கு டிக் போடும் கட்டங்கள். சுவரில் 108, வயதானவர்களுக்கான உதவி எண் 14567, டாக்டர், பக்கத்து வீடு ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து முதுகின் அடி எலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் மூன்றையும் நீங்களே பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது நடக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கச் சொல்லாதீர்கள், தோல் கிழியும்.

கேமரா வைப்பதானால் ஆளிடம் சொல்லிவிட்டு, பெரியவரின் கட்டிலை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். ஆள் உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் வைப்பது குற்றம்.

10. சம்பளம் கொடுப்பதும் முன்பணமும்

தேதி மாறாமல் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அது அவர் பெயரிலுள்ள கணக்காக இருக்க வேண்டும், கணவருடையதோ மகனுடையதோ அல்ல. கணக்கு இல்லை என்றால் ஜன்தன் கணக்கு தொடங்கக் கூட்டிப் போங்கள், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் நோட்டில் தேதி, தொகை, கையெழுத்து.

முன்பணம் கேட்பது சகஜம். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று உண்மையான காரணங்கள் இருக்கும். அரை மாதச் சம்பளத்துக்கு மேல் போகாமல், நான்கைந்து மாதத்தில் கழியும்படி கொடுங்கள். பெரிய தொகையைக் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் நிறுத்துவது கொத்தடிமை முறை, 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

11. லீவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு

பொங்கலும் தீபாவளியும் ஊர்த் திருவிழாவும் அவருக்கும் உண்டு. ஆண்டு தொடங்கும்போதே காலண்டரில் அந்த நாட்களைக் குறித்து, அந்த நாட்களில் யார் பார்ப்பது என்று குடும்பத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தில் ஏஜென்சியில் மாற்று ஆள் கிடைப்பது அரிது. தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு நாள் லீவுக்கு வரப் பழக்கி வைத்தால், பெரியவருக்கு அந்த முகம் புதிதாக இருக்காது.

12. அவருக்கான பதிவும் காப்பீடும்

வேலை செய்பவர் முதுகு பிடித்துக்கொள்ளும் வேலை இது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, வயது 18 முதல் 70 வரை. ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, சேர 18 முதல் 50 வரை. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரையிலான ஆண்டுக்கு வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். இந்த 456 ரூபாயை நீங்களே கட்டுங்கள், அந்த மாதம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரை உள்ளவர் இலவசமாகப் பதியலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. வேலை செய்கிறார் என்று உங்களிடம் சான்று கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான உதவி உள்பட அவருக்குக் கிடைக்க வேண்டியவை அதில் தொடங்குகின்றன.

13. கணக்கு முடிப்பது

திருட்டு, அடித்தல், போதை என்றால் அன்றே நிறுத்துங்கள். செய்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள், புகார் வேறு, கூலி வேறு. மற்றக் காரணங்களுக்கு எழுதிய 15 நாள். கடைசி நாள் கணக்கில் நான்கு வரி: வேலை செய்த நாள், எடுக்காத லீவு, மீதி முன்பணம், போனஸில் இதுவரையான பங்கு. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். சாவியை வாங்குங்கள், மருந்துக் கடையிலும் காஸ் ஏஜென்சியிலும் கொடுத்திருந்த அவர் நம்பரை மாற்றுங்கள்.

பெரியவர் காலமாகிவிட்டால் வேலை அன்றோடு முடிகிறது. பார்த்துக்கொண்டவருக்குத் தங்க இடமும் அன்றோடு போகிறது. அடுத்த வீடு கிடைக்க நாளாகும் என்பதால் 15 நாள் சம்பளத்தை இந்த இடத்தில் ஒரு மாதமாகக் கொடுப்பது நியாயம். காரியம் வரை இருக்க விரும்பினால் குடும்பத்தில் ஒருவராக இருக்கட்டும், அந்த நாட்களில் பாத்திரம் தேய்க்க அனுப்பாதீர்கள். கிளம்பும்போது எத்தனை மாதம் நின்றார், என்னென்ன பார்த்தார், கட்டில் மாற்றுவது முதல் குழாய் உணவு வரை என்னென்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் போன் நம்பரோடு கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடுத்த வீட்டார் அழைத்தால் எடுத்துப் பேசுங்கள்.